ஏஆர்-15 வீட்டுக் காவலுக்கா? கையைக் கடிக்காத விலையில் தோட்டா வாங்குவது எப்படி

அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிள் வாங்கியவர்கள் அடுத்துத் திணறும் இடம் தோட்டா அலமாரி. துப்பாக்கியைக் கையாளும் விதிகள், பூட்டி வைப்பது எல்லாம் பயிற்சி வகுப்பிலேயே பழகியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் பேரலைப் படியுங்கள்

விலையை அப்புறம் பார்க்கலாம். பேரல் மேல் பொறித்திருப்பது .223 ரெமிங்டனா, 5.56 நேட்டோவா, .223 வைல்டா? முதல் இரண்டின் தோட்டாக்களையும் அருகருகே வைத்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் 5.56-இல் அழுத்தம் அதிகம். 5.56 பேரலில் .223 சுடலாம்; .223 என்று மட்டும் பொறித்த பேரலில் 5.56 போடக்கூடாது. வைல்டில் இரண்டும் ஓடும்.

இதைவிடப் பெரிய வம்பு .300 பிளாக்கவுட் என்ற இன்னொரு வகைத் தோட்டா. அதே மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூடு) உட்காரும், அதே போல்ட்டில் (தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) ஏறும். ஆனால் குண்டு தடிமன். தவறி 5.56 பேரலுக்குள் போய் வெடித்தால் துப்பாக்கியே சிதறும், கையும் முகமும் போகும். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் மேகசின்களை வேறு வேறு நிறத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால் தொடக்கக்காரருக்கு ஒரே வகை போதும்.

1:7, 1:9 என்றும் பொறித்திருக்கும். எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை குண்டு சுழல்கிறது என்பதுதான் அது. குண்டின் எடையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வார்கள்; 55 கிரெயின், 62 கிரெயின் எடைக்கு இரண்டுமே சரி. 77 போன்ற கனமான குண்டுக்கு 1:7 அல்லது 1:8 பார்த்து வாங்குங்கள்.

பயிற்சிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

காசு மிச்சமாவது இங்கேதான். பயிற்சிக்கு 55 கிரெயின் எஃப்எம்ஜே (உலோக உறை போர்த்திய, விரிவதற்கென்று செய்யாத குண்டு), மொத்தமாக. வீட்டுக்குப் பட்டதும் விரியும் வகை, அதாவது சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் தெரியும்) அல்லது ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி இருக்கும்), மூன்றே பெட்டி. என் ஓட்டு சாஃப்ட் பாயிண்டுக்கு: விலை தோது, பெரும்பாலான மேகசின்களில் தகராறு இல்லாமல் ஏறும்.

பச்சை முனை எம்855 மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வீட்டுக்கு வைக்காதீர்கள். உள்ளே எஃகு முனை. அமெரிக்க வீட்டுச் சுவர் வெறும் ஜிப்சம் பலகை. எந்த ரைஃபிள் குண்டும் துளைத்துப் போகும். லேசான விரியும் குண்டு சீக்கிரம் வேகமிழக்கும், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு எந்தப் பெட்டியும் பதில் சொல்லாது.

விலையை எப்போதும் ஒரு தோட்டாவுக்கு எத்தனை சென்ட் என்று, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 20 தோட்டாப் பெட்டி 25 டாலர் என்றால் ஒன்று 1.25. எஃகு உறைத் தோட்டா மலிவு. ஆனால் பல ரேஞ்சுகளில் (சுடும் பயிற்சிக் கூடங்கள்) காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். 2021-இல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நிறுத்தப்பட்ட பிறகு அந்த மலிவும் பழையபடி இல்லை. யாரோ வீட்டில் பழைய உறையில் மருந்தடைத்துக் கட்டிய ரீலோடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வீட்டுக்கென்று வாங்கிய மூன்று பெட்டியில் ஒன்றை உங்கள் துப்பாக்கியிலேயே, உங்கள் மேகசினிலேயே சுட்டுப் பாருங்கள். சிக்குகிறதா, குறி தள்ளிப் போகிறதா என்று தெரிந்துவிடும். சிக்கினால் வேறு வகை. மிச்ச இரண்டு பெட்டி வீட்டுக்கு.

பிறகு சேர்த்தது

எச்1பி விசாவில் இருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். கூட்டாட்சிச் சட்டப்படி அந்த விசாவில் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்டை வீட்டில் வைக்கலாம், வெளியே எடுத்துத் திரியக் கட்டுப்பாடு உண்டு.

இன்னொன்று: ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் குண்டு உறைக்குள் அமுங்கும், அழுத்தம் ஏறும். அடியில் பிரைமரில் (மருந்தைப் பற்ற வைக்கும் பகுதி) சின்னப் புள்ளி விழுந்திருக்கும். அது ஏஆர்-15-இன் வழக்கம்தான். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் சுட வேண்டாம், ரேஞ்சில் கொடுத்துவிடுங்கள்.