பகெத் வேறு, ட்ரடிசியோன் வேறு

பாரிஸில் பாண் பேக்கரி வேலைக்குப் புதிதாக வரும் நம் பொடியன்கள், எங்கள் காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். உப்புப் போட மறப்பது, அடுப்பில் கருக விடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டும் ஒன்று என்று நினைப்பது

வெறும் ‘பகெத்’ என்றால் நீளமான, ஏறத்தாழ 250 கிராம் பாண். மரபு முறைப்படி செய்யும் ட்ரடிசியோன் அப்படியல்ல, அந்தப் பெயருக்குச் சட்டமே காவல். 1993 செப்டம்பரில் வந்த அரசாணைப்படி கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளிமாவு, அவ்வளவுதான். அவரை வகை, சோயா, மால்ட் மாவுகளுக்குத் துளி இடம் உண்டு. அவரை மாவு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வேறு சேர்மானம் எதற்கும் இடமில்லை.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை ட்ரடிசியோன் மாவு போதவில்லை. எங்கள் கடைத் தம்பி பக்கத்து மூட்டையைப் பிரித்து, குறைந்ததை நிரப்பிப் பிசைந்துவிட்டான். அந்த மூட்டையின் அடியில் பொடி எழுத்தில் ‘இ300’ என்று இருந்தது. அது மாவில் கலந்த சேர்மானத்தின் குறியீடு; அஸ்கார்பிக் அமிலம்தான், உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சுட்டது முழுவதும் பெயரை இழந்தது. வாரத்திலேயே நல்ல வியாபார நாளில் எல்லாவற்றையும் சாதாரண பகெத் விலைக்குத் தள்ளினோம்.

“ருசி ஒண்டுதானே அண்ணை” என்றான். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ருசியை யார் கேட்டது? பெயரைச் சொல்லித்தானே கூடுதல் காசு வாங்குகிறோம்! பாரிஸ் நகரசபை ஆண்டுதோறும் நடத்தும் போட்டியும் ட்ரடிசியோனுக்குத்தான். 2023இல் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா வென்று, பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கும் வாய்ப்பைப் பெற்றதும் அதில்தான். ஆகவே மூட்டையைத் திறக்குமுன் எழுத்தைப் படியுங்கள். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ட்ரடிசியோன் என்றால் புளிமாவுதான் என்று சொல்வது

ஈஸ்ட் போட்டாலும் அது ட்ரடிசியோன்தான். ‘ஓ லெவான்’ (புளிமாவில் செய்தது) என்று எழுதத்தான் தனி நிபந்தனைகள். அவற்றில் ஒன்று, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.3ஐத் தாண்டக்கூடாது என்பது.

பிசெல்லைக் குட்டி பகெத் என்பது

பிசெல் என்பது பகெத்தைவிட மெலிந்த பாண். எடை வேறு, விலை வேறு, சுடும் நேரமும் வேறு.

மிஞ்சிய மாவை ஃப்ரீசரில் வைப்பது

இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் மெதுவாகப் பொங்க விடலாம். ஃப்ரீசர் கூடாது. இது ட்ரடிசியோனுக்கு மட்டுமல்ல: ‘புலான்ஜரி’ (பாண் பேக்கரி) என்று பலகை வைத்த கடையில், 1998 சட்டப்படி, எந்தப் பாணையும் எந்தக் கட்டத்திலும் உறைய வைக்க முடியாது.