ஓரத்தில் இறுகும் டேபிள்: சின்ன மில்லிங் மெஷினின் ஸ்லைடைச் சரிசெய்யும் முறை

டேபிள் நடுவில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஓரத்துக்கு வந்ததும் கைப்பிடி திரும்ப மறுக்கிறது. கிப் (ஸ்லைடின் இடைவெளியை அடைக்கும் மெல்லிய பட்டை) ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினால் ஓரம் சரியாகிறது, ஆனால் நடுவில் ஆட்டம் வந்துவிடுகிறது. மறுபடி இறுக்குகிறோம். வீட்டில் சின்ன மெஷின் வைத்திருக்கும் யாருக்கும் இது பழகிய தொல்லைதான். எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க இதிலேயே போனது.

தப்பு ஸ்க்ரூவில் இல்லை. டேபிள் வழுக்கிச் செல்லும் சாய்வுப் பக்கத் தடமான டவ்டெயிலின் அகலம் இடத்துக்கு இடம் மாறுகிறது. நாம் அதிகம் வேலை செய்வது நடுவில் என்பதால் அங்கே தேய்கிறது, ஓரங்கள் பழைய அளவிலேயே நிற்கின்றன. புது மெஷினாக இருந்தால் கிரைண்டிங்கிலேயே கோணலாக வந்திருக்கும். எங்கே, எவ்வளவு என்று அளந்து பார்க்கும்வரை கிப் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்.

படி 1: ஸ்லைடா, லீடு ஸ்க்ரூவா?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லீடு ஸ்க்ரூவை (கைப்பிடியைத் திருப்பினால் டேபிளை நகர்த்தும் நீள ஸ்க்ரூ) ஓரத்து பிராக்கெட்டோடு கழற்றுங்கள். இப்போது டேபிளைக் கையால் தள்ளிப் பாருங்கள். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருந்தால் டேபிளின் முனையில் மாட்டி இழுத்து, இடது, நடு, வலது மூன்றிலும் எத்தனை கிலோ காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். கை பொய் சொல்லும், தராசு சொல்லாது.

முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி நகர்ந்தால் ஸ்லைடில் குறையில்லை. லீடு ஸ்க்ரூவை மறுபடி மாட்டிச் சுற்றிப் பாருங்கள். கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இறுகினால் ஸ்க்ரூ வளைந்திருக்கிறது. ஸ்க்ரூ ஓடும் நட், பிராக்கெட்டை நெருங்கும்போது மட்டும் இறுகினால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அப்போது பிராக்கெட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, டேபிளை அந்த ஓரத்துக்கே கொண்டுபோய், அது தானாக உட்கார்ந்த நிலையில் இறுக்குங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். ஸ்லைடிலேயே இறுக்கம் இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: கழற்றிச் சுத்தம் செய்தல்

டேபிளை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள். விளிம்புகளில் நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு மாட்டினால் நைஸான ஆயில் கல்லை மட்டமாக வைத்துத் தேய்த்து எடுங்கள். எமரித்தாள் வேண்டாம்.

படி 3: இரண்டு பின், ஒரு மைக்ரோமீட்டர்

ஒரே விட்டமுள்ள இரண்டு டோவல் பின் (சின்ன எஃகு உருளை) எடுத்துக்கொள்ளுங்கள், 8 மி.மீ. போதும். டேபிளைக் கவிழ்த்து, டவ்டெயிலின் இரண்டு உள்மூலைகளிலும் எதிரெதிராக ஒவ்வொரு பின்னை வைத்து, அவற்றின் வெளிப்புறத்தை மைக்ரோமீட்டரால் அளங்கள். இதே பின்களை நகர்த்தி ஐந்தாறு இடங்களில் அளவு எடுங்கள். டவ்டெயிலின் கோணம் 55 டிகிரியா 60 டிகிரியா என்று தெரியவேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும்தான். வெர்னியர் இதற்குப் போதாது.

வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் ஸ்கிரேப்பரை (சுரண்டும் கருவி) தொடாமல் படி 5-க்குப் போங்கள். 0.05-ஐத் தாண்டினால் நல்ல கிரைண்டிங் பட்டறையிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். இடைப்பட்டதைக் கையால் சரிசெய்யலாம். இது என் கணக்கு.

படி 4: புளூ பார்த்துச் சுரண்டுதல்

புளூ பார்ப்பது என்றால் நீலச் சாயம் தடவி மேடுகளைக் கண்டுபிடிப்பது. முதலில் மட்டமான பரப்புகள், அடுத்து கிப் இல்லாத பக்கத்துச் சாய்வு, கடைசியாக கிப் பக்கத்துச் சாய்வு. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்வீர்கள்.

மட்டப் பரப்புக்கு சர்பேஸ் பிளேட் (துல்லிய மட்டப் பலகை), சாய்வுக்கு டவ்டெயிலுக்குள் நுழையும் சாய்வு விளிம்புள்ள ஸ்ட்ரெயிட் எட்ஜ் (துல்லிய நேர்விளிம்புச் சட்டம்) வேண்டும். டேபிளைத் தாங்கும் அடிப்பகுதியான சேடிலையே வைத்துப் புளூ பார்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். சேடில் குட்டை, டேபிளின் நீளமான வளைவு அதில் தெரியாது.

பிரஷ்யன் புளூவை ஸ்ட்ரெயிட் எட்ஜில் மெல்லியதாகத் தடவுங்கள். நீலத்துக்கு அடியில் இரும்பு மங்கலாகத் தெரியவேண்டும். தடிமனாகத் தடவினால் பள்ளத்திலும் ஒட்டி ஏமாற்றும். டேபிளில் வைத்து ஒரு விரற்கடை நகர்த்தி எடுத்தால் மேடுகளில் மட்டும் நீலப்பொட்டு விழும். அந்தப் பொட்டுகளை மட்டும் கார்பைடு ஸ்கிரேப்பரால் குட்டி குட்டி இழுப்பாகச் சுரண்டுங்கள். வார்ப்பிரும்பு கறுப்புத் தூளாக உதிரும், விரலில் மை மாதிரி ஒட்டும். துடைத்து, கல்லால் லேசாக வருடி, மறுபடி புளூ. அடுத்த முறை ஸ்கிரேப்பரின் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். ஒரு சுற்றில் சில மைக்ரான்தான் போகும், பொறுமையாக இருங்கள்.

கிப் பக்கத்துக்கு வந்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பின் வைத்து அளங்கள். பெரும்பாலும் ஓரங்களைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

லேப்பிங் பேஸ்ட் (அரைக்கும் துகள் கலந்த பசை) தடவி டேபிளை முன்னும் பின்னும் இழுத்தால் போதும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் துகள் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு அப்புறமும் அரைத்துக்கொண்டே இருக்கும். தேய்மானமும் மேடு பார்த்து நிற்காது, ஓரங்களை உருட்டிவிடும்.

படி 5: கிப்

கிப் பட்டையைக் கண்ணாடி மேல் வைத்து ஒரு முனையை அழுத்துங்கள். மறுமுனை எழும்பினால் வளைந்திருக்கிறது. மெதுவாக நிமிர்த்தி, இதையும் புளூ பாருங்கள். பின்பக்கத்தில் ஸ்க்ரூ முனைகள் குழியின் நடுவில் உட்கார்கின்றனவா என்றும் கவனியுங்கள். குழியின் விளிம்பில் ஏறினால் பட்டை முறுக்கிக்கொள்ளும். ஒரு திசையில் சுலபமாகவும் மறு திசையில் இறுக்கமாகவும் போகிறதென்றால் கிப் டேபிளோடு சேர்ந்து நீளவாக்கில் நகர்கிறது. சேடிலில் ஒரு சின்னப் பின் அடித்து அதை நிறுத்தலாம்.

படி 6: சேர்த்து இறுக்குதல்

சுத்தமாகத் துடைத்து, ஸ்லைடுக்கான 68 கிரேடு ஆயில் போட்டுச் சேர்த்து மாட்டுங்கள். ஓர ஸ்க்ரூக்கள் முதலில், நடு ஸ்க்ரூ கடைசியில். எம்4 ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு முழுச் சுற்றில் நகரும் தூரம்) 0.7 மி.மீ. என்றால் 10 டிகிரி திருப்பினாலே கிட்டத்தட்ட 0.02 மி.மீ. நகரும். அதனால் மயிரிழை அளவுதான் திருப்பவேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பப் பார்க்கும், ஆலன் கீயை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டயல் கேஜை மெஷினின் செங்குத்துத் தூணில் மாட்டி, அதன் தொடுமுனையை டேபிளின் முன்விளிம்பில் தொடவிட்டு, ஒரு மூலையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். முள் 0.02-க்குள் ஆடினால் போதும். மறுபடி தராசை மாட்டி மூன்று இடத்திலும் இழுங்கள். முதல் நாள் என் மெஷினில் நடுவில் 2 கிலோ, வலது ஓரத்தில் 7 கிலோ இருந்தது. இப்போது மூன்று இடத்திலும் 3-ஐ ஒட்டி நிற்கிறது. லீடு ஸ்க்ரூவை மாட்டுவது அதற்குப் பிறகுதான்.