பெங்கால் பூனையா? முதலில் தலைமுறையைக் கேளுங்கள்

பெங்களூரில் பெங்கால் பூனை வாங்குகிறவர்கள் உடல் புள்ளிகளின் அழகில் மயங்குமுன் வம்சாவளிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இது காட்டில் வாழும் சிறுத்தைப்பூனையும் வீட்டுப்பூனையும் கலந்த இனம். அந்தச் சிறுத்தைப்பூனையோ 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டுப்பூனையிலிருந்து எண்ணி முதல் நான்கு தலைமுறைக் கலப்புகள் சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வரும், வீட்டிலும் எளிதில் அடங்காது. ஐந்தாம் தலைமுறைக்கு முந்தையது வேண்டவே வேண்டாம். தாய், தந்தை இரண்டுக்கும் பிகே குறைபாட்டுக்கான (சிவப்பணுக்களைப் பாதிக்கும் பரம்பரை நோய்) டிஎன்ஏ சோதனை முடிவும் தேவை. இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் குட்டிக்கு ரத்தசோகை வரலாம்.

அபார்ட்மெண்ட் பால்கனிக்குப் புறா வலை போதாது. நைலானைக் கடித்து அறுத்துவிடும். ஓரங்குலக் கண்ணுள்ள எஃகு வலையைத் தரையிலிருந்து கூரைவரை, ஓரத்தில் இடைவெளி விடாமல் திருகி இறுக்குங்கள். தண்ணீரில் விளையாடும் இனம் இது. தூக்கினால் திறக்கும் குழாய் இருந்தால் குளியலறைக் கதவைச் சாத்தியே வையுங்கள், காவிரித் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு!