கூரையைப் பிரித்துவிட்டு ஆடு வாங்காதீர்கள்

கூரையைப் பிரித்துப் போட்டிருந்த வாரத்தில்தான் எங்கள் செம்மறிகளில் மூன்று ஒரே ராத்திரியில் குட்டி போட்டன. மார்ச் மாதம், நல்ல காற்று. ஓடு இருக்க வேண்டிய இடத்தில் நீலத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கணவர் ஏணியில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கொட்டகையில் டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலை மட்டும் வந்து கால் வராமல் சிக்கிய குட்டியோடு போராடிக்கொண்டிருந்தேன். விடியும்போது குட்டி பிழைத்துவிட்டது. மாடியின் தரைப்பலகைதான் ஊறிப் போய்விட்டது.

பிரான்சின் நடுவே க்ரூஸ் என்றொரு மாவட்டம் இருக்கிறது. கெரே அதன் தலைநகர். ஒபுஸ்ஸோன் என்ற ஊர் சித்திரத் திரைச்சீலை நெசவுக்குப் பேர்போனது. மற்றபடி புல்வெளி, காடு, மாடு, கருங்கல் வீடு. இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டதால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, விலையும் மலிவு. லண்டன் புறநகரில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டை விற்ற காசில் எங்களுக்கு இங்கே ஒரு பெரிய வீடு, ஒரு சின்ன வீடு, ஒரு களஞ்சியம், 2 ஹெக்டேர் நிலம் கிடைத்தன. பெரிய வீட்டில் நாங்கள் இருப்பது, சின்ன வீட்டைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வருபவர்களுக்கு விடுவது, நிலத்தில் ஆடும் கோழியும் காய்கறியும் என்று திட்டம். இங்கே குடியேறும் ஆங்கிலேயர், டச்சுக்காரர் பலருக்கும் இதே கனவுதான். அப்படி வாடகைக்கு விடும் வீட்டை இங்கே ஜீத் என்பார்கள்.

எங்கள் தவறுகளில் பெரியது எது என்று கேட்டால், வீட்டு வேலையையும் நில வேலையையும் ஒரே வருடத்தில் தொடங்கியதுதான் என்பேன். காரணம் பின்னால் சொல்கிறேன். முதலில் பத்திரம்.

கையெழுத்துக்கு முன்னால்

இங்கிலாந்தில் வீடு வாங்கியவர்கள், கடைசி நாள் வரை பின்வாங்கலாம் என்ற நினைப்பிலேயே வருகிறார்கள். இங்கே அப்படியில்லை. கொம்ப்ரோமி என்ற முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அதன் பிறகு விலகினால் முன்பணம் போய்விடும். அதனால் உங்கள் நிபந்தனைகளையெல்லாம் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். களஞ்சியத்தை வீடாக்கும் எண்ணம் இருந்தால், 'அனுமதி கிடைத்தால் மட்டுமே வாங்குவேன்' என்று ஒரு வரி இருக்கட்டும். "அதெல்லாம் வாங்கிய பிறகு சுலபமாகக் கிடைத்துவிடும்" என்று தரகர் சொல்வார். அவர் சொல்வது பத்திரத்தில் ஏறாது.

பத்திரம் எழுதும் நோத்தேர் அரசு நியமித்த அலுவலர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவானவர், உங்கள் வக்கீல் அல்ல. நீங்கள் தனியாக ஒரு நோத்தேரை வைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை. இது தெரியாமல் விற்பவரின் நோத்தேரையே பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். நாங்களும்தான்.

விவசாய நிலம் சேர்ந்த சொத்து என்றால் சாஃபேர் என்ற அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நிலம் விவசாயிகள் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள 1960-இல் ஏற்படுத்திய அமைப்பு அது. அவர்கள் முந்திக்கொண்டு வாங்க நினைத்தால் வாங்கலாம், யோசிக்க 2 மாதம் உண்டு. அதற்குள் வண்டியில் சாமான் ஏற்றிவிடாதீர்கள்.

அடுத்தது செப்டிக் டேங்க். கிராமத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. விற்பனைக் கோப்பில் தொட்டியைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. தொட்டி விதிப்படி இல்லையென்றால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். எங்கள் சமையலறைக்கு ஒதுக்கியிருந்த பணம் முழுவதும் மண்ணுக்கடியில் போனது இப்படித்தான்.

கருங்கல்லுக்கு மூச்சு வேண்டும்

இந்தப் பகுதியின் பழைய சுவர்கள் இரண்டடி கனம். வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும். அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம், கல்லுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புக் காரை வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். நூறு, நூற்றைம்பது வருடங்களாகச் சுவர் நிற்கும் ரகசியம் இதுதான்.

அந்தக் காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். அப்புறம் உள்பக்கம் பிளாஸ்டர் போர்டு, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முதலில் பூஞ்சை வாடை. பிறகு சுவருக்குள் புதைந்திருக்கும் மர உத்தரத்தின் முனை உளுத்துப்போகும். வெளியே பார்த்தால் வீடு பளிச்சென்று இருக்கும், அதுதான் வேடிக்கை. எங்களுக்கு முன்னால் இருந்தவர் வடக்குச் சுவரை சிமெண்டால் பூசியிருந்தார். 'பரவாயில்லையே, ஒரு பக்கம் வேலை முடிந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டோம். அதைக் கொத்தி எடுக்க இரண்டு மாதம் பிடித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த க்ரூஸிலிருந்து ஆயிரக்கணக்கான கொத்தனார்கள் வசந்த காலத்தில் பாரிசுக்கு நடந்தே வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான மார்த்தன் நதோ 1849-இல் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார். அப்படிப்பட்டவர்கள் பிறந்த ஊரின் சுவருக்கு நாங்கள் யூடியூபைப் பார்த்து வைத்தியம் செய்யக் கிளம்பினோம். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்து வளர்ந்த எனக்காவது புத்தி வந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெளிப்புற மண்மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் வெட்டித் தாழ்த்துங்கள். மழைநீர் சுவரைவிட்டு விலகி ஓட வழி செய்யுங்கள். சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுங்கள். அதற்கு முன் ஒரு வருடமாவது சுவரைக் காய விடுங்கள். உள்ளே குளிர் தாங்கப் பூச்சு வேண்டுமென்றால், ஹெம்ப் என்ற நார்ச்செடித் தண்டின் துகளைச் சுண்ணாம்போடு கலந்து பூசும் முறை இங்கே இருக்கிறது, ஈரமும் தங்காது.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. கருங்கல் பூமியில் மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிகிறது. வாடை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, நுரையீரலுக்குக் கேடு. பிரான்சு அரசின் ரேடான் வரைபடத்தில் இந்தப் பகுதியின் ஊர்கள் பெரும்பாலும் அதிக அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் வருகின்றன. கதவு ஜன்னலை இறுக்கி அடைத்த பழைய வீட்டில் அது சேரும். குளிர்காலத்தில் இரண்டு மாதம் ஒரு சின்ன அளவுமானியை வைத்துப் பாருங்கள். ஒரு கன மீட்டருக்கு 300 பெக்கெரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் காற்றோட்டத்துக்கு வழி செய்ய வேண்டும்.

ஜூன் மாதம் ஒன்றுதான்

சரி, வீட்டு வேலையையும் நில வேலையையும் ஒரே வருடத்தில் ஏன் தொடங்கக் கூடாது என்ற காரணத்துக்கு இப்போது வருகிறேன். சுண்ணாம்புக் காரை உறைபனியில் பிடிக்காது. வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், சுட்டெரிக்கும் வெயிலும் ஆகாது. ஆக ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான் வேலை. கூரையைப் பிரிக்கவும் அதே மாதங்கள்தான் சரி; மார்ச்சில் பிரித்த எங்கள் கதையைத்தான் மேலே பார்த்தீர்கள். நிலத்துக்கும் அதே மாதங்கள்தான். மே மாதத்தில் புல் இடுப்பளவு வளர்ந்துவிடும், ஜூனில் அறுத்துக் காயவைக்க வேண்டும், முட்புதர் ஒரு பருவத்தில் வேலியைத் தாண்டிவிடும், தோட்டம் தினமும் கூப்பிடும். குளிர்காலத்துக்கான விறகையும் அப்போதே வெட்டி அடுக்க வேண்டும், அதுவும் இந்த வருடக் குளிருக்கு அல்ல. பச்சை மரம் காய இரண்டு வருடம் ஆகும். ஜீத்துக்கு விருந்தினர் வருவது ஜூலை, ஆகஸ்டில். எல்லா வேலையும் ஆறு மாதத்தில் வந்து விழுகிறது, மீதி ஆறு மாதம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதனால் முதல் வருடம் ஆடு வேண்டாம். நாங்கள் அக்டோபரில் ஐந்து பெண்ணாடுகளை ஆசையாய் வாங்கினோம். அவற்றில் சில சினை என்பது ஜனவரியில்தான் தெரிந்தது. ஒரே ஒரு ஆடு வைத்திருந்தாலும் கால்நடை அலுவலகத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும், காதில் அடையாள வில்லை போட வேண்டும். கோழிக்கும் ஊராட்சி அலுவலகத்தில் பதிவு உண்டு, பறவைக் காய்ச்சல் காரணமாக வந்த விதி. கோழி மட்டும் முதல் வருடமே இருக்கலாம். ராத்திரி கூண்டை அடைக்க மறந்த ஒரே நாளில் நரி வந்து பாடம் நடத்திவிடும்.

புல்லை என்ன செய்வது? பக்கத்து விவசாயி, எழுபது வயதுக்காரர், "நானே அறுத்துக்கொள்கிறேன் மேடம்" என்றார். நிம்மதியாக இருந்தது. வருடம் இவ்வளவு என்று ஒரு தொகை கேட்கலாமா என்று யோசித்தபோது, நல்லவேளையாக ஒரு நண்பர் தடுத்தார். விவசாயம் செய்பவரிடம் தொடர்ந்து பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டால், வாய்ப்பேச்சாக இருந்தாலும் அது விவசாயக் குத்தகை ஆகிவிடக்கூடும். அப்படி ஆகிவிட்டால் குறைந்தது 9 வருடம், அதன் பிறகும் எளிதில் எழுப்ப முடியாது. நம் ஊர்க் குத்தகைதாரர் சட்டங்கள் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இலவசமாகப் பயன்படுத்தக் கொடுக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அவர் பதிலுக்குக் குளிர்காலத்தில் ஆடுகளுக்குக் காய்ந்த புல் கட்டுகள் கொண்டுவந்து போடுகிறார்.

ஆள் பிடிப்பதும் தாள் பிடிப்பதும்

கொத்தனாரோ தச்சரோ, முதலில் கேட்க வேண்டியது 14 இலக்கப் பதிவு எண். இரண்டாவது, 10 வருட உத்தரவாதக் காப்பீட்டின் நகல். 'நம்ம ஊர்க்காரர், பாதி விலைக்குச் செய்வார்' என்று பதிவில்லாத ஆளை வைத்துக்கொள்வது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பரவலான வழக்கம். கூரை ஒழுகினால் கேட்க ஆள் இருக்காது. நாமே செய்துகொண்டாலும், பத்து வருடத்துக்குள் வீட்டை விற்றால் பெரிய கட்டுமானக் குறைகளுக்கு நாமே பொறுப்பு. நல்ல ஆட்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். பகல் 12 முதல் 2 வரை போன் செய்யாதீர்கள்.

ஜன்னலைப் பெரிதாக்கினாலும், கூரையில் கண்ணாடி வைத்தாலும், முன்கூட்டியே ஊராட்சியில் அறிவிக்க வேண்டும். பழைய தேவாலயம் மாதிரி பாதுகாக்கப்பட்ட சின்னம் 500 மீட்டருக்குள் இருந்தால் ஜன்னலின் நிறத்துக்குக்கூட ஒப்புதல் தேவைப்படலாம். படிவத்தோடு போவதற்கு முன், ஒருமுறை சும்மா போய் மேயருக்கு போன்ழூர் சொல்லிவிட்டு வாருங்கள். சின்ன ஊரில் இது பாதி வேலை.

விசா விஷயத்தில் ஏமாறுபவர்கள் இப்போது அதிகம். பிரெக்ஸிட்டை ஒட்டி, 2020 முடிவதற்குள் குடியேறிய பிரிட்டிஷ்காரர்களுக்குத் தனி அட்டை உண்டு. 2021 முதல் வருபவர்கள் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அதுவும் இல்லை. பார்வையாளராக நீண்ட காலம் தங்கும் விசா வாங்கினால் இங்கே தொழில் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஜீத் நடத்திப் பிழைக்க நினைப்பவர் தொழிலுக்கான விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வரிக் கணக்கையும் பழைய விவரங்களை வைத்துப் போடாதீர்கள். 2024 நவம்பரில் வந்த சட்டத்தின்படி, நட்சத்திரத் தரம் பெறாத ஜீத்துக்கு எளிய வரிமுறை வருடம் 15,000 யூரோ வருமானம் வரைதான், அதில் வரி போடாமல் கழித்துவிடும் பங்கு, அதாவது கழிவு, 30 சதவீதம். தரம் பெற்றால் உச்சவரம்பு 2025 வருமானத்துக்கு 77,700 யூரோவாக இருந்தது, கழிவு 50 சதவீதம். தரத்துக்கு விண்ணப்பிப்பதை சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போட்டு நான் ஒரு வருடம் இழந்தேன்.

விருந்தினர் வந்த பிறகு நடந்த கடைசித் தவறு, எங்கள் சேவலைப் பற்றி விளம்பரத்தில் சொல்லாமல் விட்டது. பாரிசிலிருந்து வந்த குடும்பம் மூன்றாம் நாள் காலையில் கண்கள் சிவக்க வந்து நின்றது. ஒலெரோன் தீவில் மொரிஸ் என்ற சேவலின் மேல் விடுமுறை வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கில் 2019-இல் சேவலே ஜெயித்தது. 2021-இல் கிராமத்தின் ஓசைகளையும் வாசனைகளையும் மரபாக ஏற்று ஒரு சட்டமே வந்துவிட்டது. ஆனால் தூக்கம் கெட்டவரிடம் சட்டம் பேச முடியுமா? ஒரு டஜன் முட்டை கொடுத்துச் சமாளித்தேன். இப்போது விளம்பரத்தின் முதல் வரியே 'சேவல் காலை ஐந்து மணிக்குக் கூவும்' என்பதுதான்.