பிக்அப் வண்டியில் பாட்டுச் செட் மாற்றும் முன் கதவைக் கழற்றுங்கள்

களக்காட்டில் விடிகாலை இரண்டு மணிக்கு ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக் கிளம்புவேன். நாங்குநேரியில் நான்குவழிச் சாலையைப் பிடித்து, வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரும்போது காற்று வண்டியை ஒரு தள்ளுத் தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய் கடக்கும்வரை, கண்ணாடியை ஏற்றினாலும் ஊளை நிற்காது. வண்டியோடு வந்த செட்டில், அந்தத் தூரம் முழுக்கப் பாடுவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. சத்தத்தைக் கூட்டினால் பாட்டு கூடாது, கதவுத் தகரம்தான் கூடச் சேர்ந்து பாடும்.

வண்டி வாங்கும் முன் பதினோரு வருடம் மைக் செட் வேலை பார்த்தவன் நான். சுடலைமாடன் கோவில் கொடைகளுக்கு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, சாமக்கொடை முடியும்வரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்திருப்பேன். அதனால் எந்தச் செட்டையும் வில்லுப்பாட்டைப் போட்டுத்தான் அளப்பேன். வீசுகோல் நாணில் விழும்போது சிலம்பும் மணிகள், நடுவில் புலவரின் குரல், அடியில் குடத்தின் வாயில் விழும் அடி. மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் கேட்டால் செட் நன்றாக இருக்கிறது என்று பொருள். வண்டியோடு வந்த செட்டில் குடமே கிடையாது. புலவர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடினார்.

இவ்வளவு தெரிந்தவனும் முதலில் ஏமாந்தேன். எல்லோரையும் போல டெக்கைத்தான், அதாவது டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டியைத்தான், முதலில் மாற்றினேன். பெட்டியின் மேல் '50 வாட்ஸ் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அதில் செருகியிருந்த ஃபியூஸ் 10 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட். பத்தைப் பதினாலால் பெருக்கினால் உள்ளே போவதே 140 வாட்ஸ். வெளியே 200 வாட்ஸ் எங்கிருந்து வரும்? தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இல்லாமல், 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒலி சிதையாமல் கொடுக்கக்கூடியது கணக்குப்படி 24 வாட்ஸ் சொச்சம். நடைமுறையில் 20-ஐத் தொட்டாலே பெரிது. பெட்டியில் இருப்பது ஒரு கணத்து உச்சம். நீங்கள் பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை, தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ் அதுதான்.

ஆகவே என் வரிசை இது: முதலில் கதவு, பிறகு ஸ்பீக்கர், பிறகு தேவைப்பட்டால் சின்ன ஆம்ப், கடைசியில் டெக். பழைய செட்டில் ப்ளூடூத் இருந்தால் டெக்கை மாற்றவே வேண்டாம் என்பேன். கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். திரை வைத்த டெக்கை விற்பது சுலபம், கதவுக்குள் ஒட்டும் ஷீட்டை யாருக்குக் காட்ட முடியும்?

கதவு ஏன் முதலில்? மைக் செட் வேலையில் முதல் நாளே தெரிந்துகொள்ளும் விஷயம் இது. பெட்டியில் பூட்டாத ஸ்பீக்கரைத் தரையில் வைத்துப் பாடவிட்டால் கீச்சென்று கேட்கும். அதையே பெட்டியில் பூட்டினால் கனம் வரும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. இடையில் தடுப்பு இல்லாவிட்டால் முன்னது பின்னதைத் தின்றுவிடும். முதலில் காணாமல் போவது அடி ஒலிதான். வண்டியில் ஸ்பீக்கரின் பெட்டி கதவு. அந்தப் பெட்டியோ உள்பக்கம் கை நுழைகிற அளவு ஓட்டைகளும், வெளிப்பக்கம் தட்டினால் தாம்பாளம் போல ஒலிக்கிற தகரமுமாக இருக்கிறது.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்த பிறகு, கண்ணாடி ஏற்றும் சுழற்று கைப்பிடிதான் பலரை நிறுத்திவிடும். அதைத் திருப்புளியால் நெம்பாதீர்கள். பழைய துண்டு ஒன்றை எடுத்து, கைப்பிடிக்கும் கதவு அட்டைக்கும் நடுவில் அடிப்பக்கமாக நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து, செருப்புக்குப் பாலீஷ் தேய்ப்பது போல மாற்றி மாற்றி இழுங்கள். உள்ளே இருக்கும் வளைந்த கிளிப் துணியில் மாட்டிக்கொண்டு 'டிக்' என்று தெறிக்கும். தெறிப்பதற்கு முன்னமே கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புழுதியில் குனிந்து தேட வேண்டியதுதான். நான் தேடினேன்.

அட்டையை எடுத்தால் பாலித்தீன் ஷீட் ஒன்று தெரியும். அதைக் கிழிக்காமல் உரித்து எடுங்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். வெளித் தகரத்தின் உள்பக்கத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முழுக் கதவையும் மூட வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும், தட்டினால் அதிகம் அதிர்கிற நடுப்பகுதியிலும் ஒட்டினால் போதும். மூன்றில் ஒரு பங்கு மூடியதுமே 'டங்' என்ற ஒலி 'டொப்' என்று மாறிவிடும். பிறகு உள்தகரத்துப் பெரிய ஓட்டைகளை அடையுங்கள். கதவின் அடி விளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அவை நீர் வடிவதற்காக விட்டவை. அடைத்தால் ஐப்பசி மழைக்குக் கதவுக்குள் குளம் கட்டும், அடுத்த ஐப்பசிக்குத் துரு.

காசை மிச்சம் பிடிக்க, மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட்டை ஒரு கதவில் நான் ஒட்டிப் பார்த்தேன். பங்குனி வரை நன்றாகத்தான் இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் வண்டியை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து கண்ணாடியை ஏற்றினால் ஏறவில்லை. தார் இளகிக் கீழே வழிந்து, கண்ணாடி ஏற்றும் பல்சக்கரத்தில் பிசின் போலப் பற்றிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டு அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. தார் வாடை வண்டியை விட்டுப் போக ஆடி வந்துவிட்டது.

இனி ஸ்பீக்கர். வாங்கும் முன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று ஓட்டையின் குறுக்களவு. மற்றொன்று, கண்ணாடியை முழுக்க இறக்கிய நிலையில் தகரத்திலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழம். இரண்டாவதைப் பலரும் மறக்கிறார்கள். காந்தம் கண்ணாடியில் இடிக்கிறது என்பது அட்டையைத் திரும்ப மாட்டிய பிறகுதான் தெரியவரும். ஆழம் போதாவிட்டால் நீர் புகாத ப்ளைவுட்டில் வளையம் வெட்டி, எண்ணெய்ப் பெயின்ட் இரண்டு கோட் அடித்து, ஸ்பீக்கரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டலாம்.

வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள், டெசிபலில் போட்டிருக்கும் உணர்திறனைப் பாருங்கள். 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம் போதும். 92 டெசிபல் ஸ்பீக்கர், 89 டெசிபல் ஸ்பீக்கரைக் காட்டிலும் அந்த 20 வாட்ஸ் டெக்கிலேயே கணீரென்று பேசும். கூம்பு காகிதமாக இல்லாமல் பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். கதவுக்குள் ஈரம் இறங்குகிற இடத்தில் காகிதம் எத்தனை மழைக்காலம் தாங்கும்? பின்பக்கம் தொழிற்சாலை கொடுத்த கப்ளரை (வயர்களைச் செருகும் இணைப்பை) வெட்டாமல், அதற்கு ஏற்ற மாற்றுக் கப்ளரை வாங்கிச் செருகுங்கள். விலை அதிகமில்லை. வண்டிக்கு வாரண்டி இருக்கும் காலத்தில் வயரை வெட்டிவிட்டுப் பின்னால் வாதாட முடியாது.

ஒரு மாலை பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் வண்டியைக் கொண்டுவந்தான். "அண்ணாச்சி, புது ஸ்பீக்கர் போட்டும் பழையதைவிட மோசமாக இருக்கிறது" என்றான். கேட்டேன். குரல் நடுவில் நிற்காமல் வண்டி முழுக்க அலைந்தது, அடி ஒலி சுத்தமாக இல்லை. பேலன்ஸை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் அடி ஒலி வந்தது. வலது பக்கம் முழுக்கத் திருப்பினாலும் வந்தது. நடுவில் வைத்தால் மறைந்தது. உடனே புரிந்துவிட்டது. டார்ச்சிலிருந்து 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, டெக்கின் பின்னால் கழற்றிய ஸ்பீக்கர் வயர்களில் ஒரு நொடி தொட்டேன். இடது கதவில் கூம்பு 'டப்' என்று வெளியே வந்தது. வலது கதவில் அதே பிளஸ், அதே மைனஸ், கூம்பு உள்ளே போனது. ஒரு பக்கத்து வயரைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். மாற்றி மாட்ட ஐந்து நிமிடம். தம்பி காசு தர வந்தான், டீ வாங்கிக் கொடு என்றேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் கதவு அட்டையைத் திரும்ப மாட்டாதீர்கள். பேட்டரியைத் தொட்டு எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். எனக்குக் காவல்கிணற்றுக் காற்று இருக்கிறதே, அதனால் 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் இரண்டு சேனல் ஆம்ப் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். தரையில் அல்ல. வாழைத்தார் இறக்கிவிட்டு வண்டியை உள்ளேயும் நீர் விட்டுக் கழுவுகிறவர்கள் நாம், ஆகவே ஓரங்குல மரக்கட்டையில் தூக்கி வைத்து முடுக்கினேன். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத 'டி வகுப்பு' வகை ஆம்ப் இது, உள்ளே போகும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் பாட்டாக்கும். 100 வாட்ஸ் எடுக்க 125 வாட்ஸ் வேண்டும், அதாவது 9 ஆம்பியர். வண்டியின் ஆல்டர்னேட்டருக்கு இது பெரிய பாரமல்ல.

வயரிங்கில் மட்டும் என்னோடு யாரும் பேரம் பேசாதீர்கள். பேட்டரியிலிருந்து தனி வயர், அதில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றுவதற்கு அல்ல, வயரைக் காப்பாற்றுவதற்கு. இன்ஜின் அறைத் தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், அதிர அதிரத் தகரம் வயரின் தோலைச் சீவிவிடும். ஃபியூஸ் இல்லாத வயரில் அப்படி நடந்தால் எரிவது வண்டி. வயர் வாங்கும்போது நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கனமும் குறைவாக இருக்கும்.

எர்த் வயரை நீட்டி இழுக்காமல் பக்கத்திலேயே வண்டியின் தகரத்தில் முடியுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு மின்னும்போது வயர் நுனியில் மாட்டும் லக்கை வைத்து போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். டெக்கிலிருந்து வரும் பாட்டு வயரை வலது ஓரமாகக் கொண்டுபோனால் பேட்டரி வயர் இடது ஓரமாகப் போகட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ங்ங்ய்ய்' என்று ஓர் ஊசிச் சத்தம் ஏறினால், பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி எர்த்தான். பழைய டெக்கையே வைத்திருந்தால், ஸ்பீக்கர் வயரையே நேராக வாங்கிக்கொள்ளும் வசதி உள்ள ஆம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆம்பில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கும். சத்தத்தைக் கூட்டும் திருகு என்று நினைத்து எல்லோரும் கடைசிவரை திருப்புகிறார்கள், ஸ்பீக்கர் கருகுவது அங்கேதான். முறை இது. ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். பாஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில், ஆம்பின் ஃபில்டரை அணைத்து வையுங்கள். டெக்கின் சத்தத்தை முக்கால் அளவுக்கு வைத்து, 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றுங்கள். 50 வாட்ஸை 4 ஓமால் பெருக்கினால் 200, அதன் வர்க்கமூலம் 14 சொச்சம். மீட்டர் 14 வோல்ட் காட்டியதும் கையை எடுத்துவிடுங்கள். பிறகு ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, அதற்குக் கீழே உள்ளது கதவு ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுங்கள். அடி ஒலிக்கென்று தனி வூஃபர் வேண்டும் என்கிற இளைஞர்கள் சீட்டுக்கு அடியில் 8 அங்குலம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சின்ன அறையில் இரண்டு வைப்பது தலைவலிக்கு வழி.

வெளியே குழாய் ஸ்பீக்கர் மாட்டித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை என்ற கட்டுப்பாடு வந்த பிறகு, கொடைக்கே நேரம் பார்த்துத்தான் மைக் போட முடிந்தது.

டெக்கைக் கட்டாயம் மாற்றுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். திரை வைத்த புது டெக்குகள் பலவற்றில் எஃப்எம் மட்டுமே இருக்கிறது, மீடியம் வேவ் கிடையாது. வானொலி கேட்டே வயலுக்குப் போய் வந்தவர் என் அப்பா. புது டெக்கை ஆசையாகக் காட்டியபோது, நிலையம் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கிறது, திருநெல்வேலி வரவில்லையே" என்றார். அவருக்காகப் பழைய டெக்கையே திரும்ப மாட்டினேன். இன்றும் அதுதான் ஓடுகிறது.

எல்லாம் முடிந்து முதல் நாள், நாங்குநேரி தாண்டியதும் வில்லுப்பாட்டைப் போட்டேன். மணி சிலம்பியது, புலவர் முன்னால் வந்து உட்கார்ந்து பாடினார், குடம் தொடையில் வந்து விழுந்தது. ஆனால் குடத்து அடி ஒவ்வொன்றோடும் ஒரு 'கிண்' கூடவே வந்தது. பணகுடியில் ஓரமாக நிறுத்திக் கதவை அழுத்திப் பார்த்தேன், டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தேன், வளையத்து ஸ்க்ரூவை மறுபடி முடுக்கினேன். போகவில்லை. கடைசியில் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டால், தார் வெட்டும் அரிவாள் தகரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. சாக்கில் சுற்றி வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.