பூச்சிப் பெட்டியில் கை வைக்கும் முன்

எங்கள் பூச்சியியல் துறையின் சேகரிப்பைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து முதுநிலை மாணவர்கள் புதிதாக வருகிறார்கள். அக்கறையான பிள்ளைகள். ஆனால் இருபது வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். உணர்கொம்பு ஒடிவது, சிறகு கிழிவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதை முதல் வாரத்திலேயே கை கற்றுக்கொண்டுவிடும். செய்யும்போது நல்ல வேலையாகவே தெரியும் தவறுகள் சில உண்டு, அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

பாச்சை உருண்டையை நம்புவது

பெட்டியின் மூலையில் பாச்சை உருண்டை இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். வெளியிலிருந்து வருவதை அது ஓரளவு விரட்டும். ஏற்கெனவே பூச்சியின் வயிற்றுக்குள் புகுந்துவிட்ட அருங்காட்சியக வண்டின் (காய்ந்த பூச்சிகளைத் தின்னும் வண்டு) புழுவை ஒன்றும் செய்யாது. பூச்சியைக் குத்தி வைத்திருக்கும் பின்னுக்கு (ஊசிக்கு) அடியில் பழுப்பு நிறத் தூள் கொட்டிக் கிடந்தால் தூசி என்று ஊதிவிடாதீர்கள், அது புழு தின்ற மிச்சம்.

பெட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், ஈரம் பைக்கு வெளியே படியும். அவசரப்பட்டுப் பிரித்தால் அது பூச்சிமேல் படியும், அப்புறம் பூஞ்சணம்தான்.

ஏசியைப் பகலில் மட்டும் போடுவது

மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிட்டுப் போவதாக இருந்தால் போடாமலே இருக்கலாம். குளிர்ந்த அறைக்குள் ஐப்பசி மாத ஈரக்காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று அலமாரியைத் திறந்து பாருங்கள்.

பழைய லேபிளை உருவிவிட்டுப் புதியது குத்துவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றும் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என் மேல்தான்.

எம்.எஸ்சி. முதலாண்டில், துறையைப் பார்க்க ஒரு குழு வருகிறது, அலமாரி பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார்கள். இலைவண்டுகள் இருந்த இரண்டு பெட்டிகள் என் பொறுப்பு. ஒவ்வொரு பின்னிலும் பழுப்பேறி ஓரம் மடங்கிய துண்டுத் தாள்கள், சிலவற்றில் மூன்று நான்கு. எல்லாவற்றையும் உருவிவிட்டு, பெயர், மாவட்டம், ஆண்டு மூன்றையும் அழகாக அச்சடித்துக் குத்தினேன். வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். பழைய தாள்கள் குப்பைக்குப் போயின.

சில மாதம் கழித்து, இலைவண்டுகளை ஆராயும் ஒருவர் அந்தப் பெட்டிகளைத் தேடி வந்தார். லென்ஸில் வண்டைப் பார்த்தார், அடியிலிருந்த என் லேபிளைப் பார்த்தார். “எந்தச் செடியில பிடிச்சது?” என்று கேட்டார். பழைய தாளில் அது பென்சிலில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்பதுதான் ஞாபகம் இருந்தது, என்ன செடி என்பது இல்லை. அவர் திட்டவில்லை. பெட்டியை மெதுவாக மூடிவிட்டுக் கிளம்பினார்.

போன மாதம் ஒரு மாணவி கையில் ஃபோர்செப்ஸுடன் அதையே செய்துகொண்டிருந்தார். ‘ஜவ்வாது மலை, வட ஆற்காடு’ என்ற லேபிளை எடுத்துவிட்டு ‘வேலூர்’ என்று குத்தப் போனார். “வட ஆற்காடுதான் இப்ப இல்லையே சார்” என்றார். உண்மைதான், 1989இல் அந்த மாவட்டம் பிரிந்துவிட்டது. ஆனால் ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பிடித்தது என்றால் அது திருவண்ணாமலை மாவட்டம். ‘வேலூர்’ என்று எழுதி, அந்த நகரத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் போட்டால், மலைக்காட்டு வண்டு சமவெளியில் ஒரு புள்ளியாகப் போய் உட்காரும். அதை நம்பி யாரோ ஒருவர் பரவல் வரைபடம் போடுவார்.

லேபிளில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே அட்டவணையின் ஒரு பத்தியில் (column) ஏற்றுங்கள். இன்றைய மாவட்டம், அட்சரேகை, எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதெல்லாம் தனித்தனிப் பத்திகளில். உயிரினத் தரவைப் பதிய உலகம் முழுக்கப் பயன்படுத்தும் டார்வின் கோர் என்ற வடிவத்திலேயே மூல வாசகத்துக்கென்று தனி இடம் உண்டு. அறிவியல் பெயர் மாறியிருந்தால் புது லேபிளைப் பழையதற்குக் கீழே சேருங்கள். எந்த ஆண்டில் யார் அதை என்ன பெயரில் அழைத்தார் என்பதும் அந்தப் பூச்சியின் வரலாறுதான். சிவப்பு லேபிள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமான மூல மாதிரியாக அது இருக்கலாம்.

எக்செலிடம் தேதியை ஒப்படைப்பது

லேபிளில் 12.3.28 என்று இருக்கும். அதைத் தேதியாக அடித்தால் எக்செல் 2028 என்று எடுத்துக்கொள்ளும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மார்ச் 12 டிசம்பர் 3 ஆகிவிடும். 1900க்கு முந்தைய நாளை அது தேதியாகவே ஏற்காது. நாள், மாதம், ஆண்டு மூன்றுக்கும் தனிப் பத்தி போட்டு, ஆண்டை நான்கு இலக்கத்தில் அடியுங்கள். அந்த 28 எந்த நூற்றாண்டு என்பதைப் பிடித்தவர் யார் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழைய ஆட்கள் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதியதன் அருமை இந்த இடத்தில்தான் புரியும்.

படம் எடுக்கும்போது ஃபேன்

அணைத்துவிடுங்கள், படத்துக்காகக் கழற்றிய லேபிள்கள் பறந்துவிடும். ஒரு பின்னின் லேபிள்களைத் திரும்ப ஏற்றிய பிறகே அடுத்த பின்.

பெட்டிக்கு ஓர் எண்

போதாது. ஒவ்வொரு பூச்சிக்கும் தனி எண், அதுவும் அதன் பின்னிலேயே.

ஒரே கணினியில் வைப்பது

2018 செப்டம்பர் 2 இரவு பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது அங்கிருந்த சுமார் 50 லட்சம் பூச்சி மாதிரிகளில் பெரும்பகுதி சாம்பலானது. படங்களுக்கும் தரவுக்கும் ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

பழைய பெட்டியில் வெறுங்கை

அந்தக் காலத்தில் புழு வராமல் இருக்க மெர்குரிக் குளோரைடு என்ற நச்சைப் பூசும் வழக்கம் இருந்தது. கையுறை போடுங்கள்.

ஏற்கெனவே உருவிவிட்டிருந்தால்

மறைக்காதீர்கள். என் இரண்டு பெட்டிகளும் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பின்னிலும் ‘மூல லேபிள் நீக்கப்பட்டது’ என்று ஒரு சிறு தாளைச் சேர்த்து, நீக்கிய ஆண்டையும் என் பெயரையும் எழுதியிருக்கிறேன். அப்புறம் துறையின் பழைய பதிவேடுகளையும் களக் குறிப்பேடுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 17 வண்டுகளுக்குச் செடி தெரிந்தது. பத்துக்குப் பூசணி, ஏழுக்குச் சர்க்கரைவள்ளி. மற்றவற்றுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.