சாதுவான நாய் வேண்டுமா? ஃபாஸ்டர் வீட்டிலிருந்து தத்தெடுக்கும் முறை

"ரொம்ப சாது, யாரையும் ஒன்றும் செய்யாது" என்ற வரியோடு நாய்ப் படங்கள் வாட்ஸ்அப்பில் தினமும் வருகின்றன. நம்பலாமா என்றால், பாதி நம்பலாம். சாதுவான நாயும் பயத்தில் உறைந்துபோன நாயும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். எது எது என்று சொல்லக்கூடியவர், அதோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர். அடிபட்டோ கைவிடப்பட்டோ கிடந்த நாயை நிரந்தர வீடு கிடைக்கும்வரை தன் வீட்டில் வைத்துக்கொள்பவரைத்தான் ஃபாஸ்டர் என்கிறோம். முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்கு நான் அந்த வழியைத்தான் சொல்வேன். எங்கள் நாய் செம்பியும் சென்னைப் பெரம்பூரில் ஓர் அம்மாவின் ஃபாஸ்டர் வீட்டிலிருந்து நங்கநல்லூருக்கு வந்தவள்தான்.

படி 1: முதலில் வீட்டில் பேசுங்கள்

காலை ஆறு மணிக்கு யார் வெளியே கூட்டிப்போவது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் வராத வீட்டில் நாய் வேண்டாம். வாடகை வீடு என்றால் ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அடுக்ககச் சங்கம் நாயே கூடாது என்று தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. ஓனர் விஷயம் வேறு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் அவர் கைதான் ஓங்கியிருக்கும்.

படி 2: தேடுங்கள்

கிண்டி வேளச்சேரி சாலையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்குக் காப்பகம் இருக்கிறது. காப்பகத்தில் நேரடியாகவே தத்தெடுக்கலாம். ஃபாஸ்டர் வீடுகளைத் தேட இன்ஸ்டாகிராமும் உங்கள் பகுதியில் தெருநாய்களுக்குச் சோறு போடுபவர்களும் போதும். நாயைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் ஜிபேயில் அட்வான்ஸ் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

குட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். குட்டி எல்லாமே சாதுதான். வளர்ந்தபின் என்ன குணம் வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வயது தாண்டிய நாயின் குணம் கண்ணெதிரே தெரிகிறது. அதிலும் நாட்டு நாய் என்றால் சென்னை வெயிலுக்குப் பழகிய உடம்பு. பனிநாட்டு ஹஸ்கிதான் வேண்டும் என்பவர்கள் முதலில் மே மாதக் கரண்ட் பில்லை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

படி 3: போனில் கேட்க வேண்டியவை

"நல்ல நாயா?" என்று கேட்டால் "ரொம்ப நல்ல நாய்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். குக்கர் விசில் அடித்தால் என்ன செய்கிறது? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா? போன தீபாவளிக்கு எங்கே ஒளிந்தது? குழந்தைகளோடு இருந்திருக்கிறதா, பார்க்க மட்டும் செய்திருக்கிறதா? பூனை? தனியாக எவ்வளவு நேரம் விட்டிருக்கிறார்கள்? இரவில் எங்கே படுக்கிறது?

இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்பவர் நாயோடு நிஜமாகவே வாழ்ந்திருக்கிறார். பெரம்பூர் அம்மா என்னிடம் சொன்னது: "தம்பி, துடைப்பத்தை எடுத்தா மட்டும் ஓடிப் போய் பாத்ரூம்ல உட்கார்ந்துக்குவா. யாரோ அடிச்சிருக்காங்க." குறையையும் சொன்னாரே, அதனால்தான் அவர் சொன்ன நிறைகளையும் நம்பினேன்.

படி 4: நேரில் பாருங்கள், முடிந்தால் இரண்டு முறை

உள்ளே போனதும் நாயிடம் போகாதீர்கள். தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கண்ணை நேராகப் பார்க்க வேண்டாம், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோக வேண்டாம். அதுவாக வந்து மோப்பம் பிடிக்கட்டும். வந்தால் மார்பிலோ கழுத்தோரத்திலோ நாலைந்து விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இதுதான் என் முக்கியச் சோதனை. பிடித்திருந்தால் மூக்கால் கையை முட்டி இன்னும் கேட்கும். பிடிக்காவிட்டால் தள்ளிப் போகும், அதுவும் தப்பில்லை.

கவனிக்க வேண்டியது மூன்றாவது வகை. அசையாமல் நிற்கும், யார் தொட்டாலும் விடும், ஆனால் வால் காலிடுக்கில் இருக்கும். உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். பலர் இதைத்தான் "எவ்வளவு பொறுமை பாருங்க" என்பார்கள். அது பொறுமை இல்லை, பயம். அப்படிப்பட்ட நாயும் நல்ல நாயாக மாறும். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களும் முதல்முறை வளர்ப்பவர்களும் அதை எடுக்காமல் இருப்பதே மேல்.

படி 5: காகிதங்கள்

ரேபீஸ் ஊசியும், பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசியும் போட்ட தேதிகள் உள்ள அட்டை, கருத்தடைச் சான்று, குடற்புழு மருந்து கொடுத்த நாள். உங்கள் வீட்டையும் வந்து பார்ப்பார்கள், பால்கனிக் கம்பி இடைவெளி முதற்கொண்டு. கோபப்படாதீர்கள். பார்க்காமல் கொடுப்பவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

படி 6: கூட்டி வருவது

கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு வேண்டாம், வண்டியில் வாந்தி எடுக்கும். கழுத்துப் பட்டை ஒன்று, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்தால் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும், அண்ணா சாலையில் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஆட்டோவுக்கு முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்களை இரண்டு பேர் மறுத்தார்கள். மூன்றாமவர், பழைய போர்வையை சீட்டில் விரித்ததும் ஒத்துக்கொண்டார். ஃபாஸ்டர் வீட்டில் அது படுத்த துணி ஒன்றைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள். அந்த அம்மாவின் பழைய நைட்டி இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கிறது.

படி 7: முதல் மூன்று நாள் எதுவும் செய்யாதீர்கள்

இதுதான் கஷ்டம். சொந்தக்காரர்களை அழைக்காதீர்கள், ரீல்ஸ் எடுக்காதீர்கள். ஒரு மூலை, தண்ணீர், ஃபாஸ்டர் வீட்டில் சாப்பிட்ட அதே சாப்பாடு, அதே நேரம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. வேகவைத்த கோழி எலும்பும் கூடாது, சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். முதல் நாள் சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டாம், தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் இரண்டாம் நாளே ஷாம்பு வாங்கிக் குளிப்பாட்டப் போனேன். செம்பி கட்டிலுக்கு அடியில் போனவள் மறுநாள் மதியம்தான் வெளியே வந்தாள். எல்லாம் தெரிந்த மாதிரி உங்களுக்குப் பாடம் எடுக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று நாளில் நிம்மதியாக மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பழகும், மூன்று மாதத்தில் நம்மை நம்பும் என்பது நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. கணக்குதான், சட்டம் இல்லை.

படி 8: டாக்டரும் மாநகராட்சியும்

முதல் வாரம் முடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போவது நல்லது. ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துக்கொண்டிருக்கும். சோர்வாகக் கிடக்கும் நாயைச் "சாது" என்று நினைத்துவிடும் ஆபத்து இங்கேயும் உண்டு. ரேபீஸ் ஊசி வருடா வருடம் போட வேண்டும். மாநகராட்சி உரிமம் கட்டாயம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் அறிவித்தார்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் பொருத்திக்கொள்ளுங்கள், தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும்.

ஃபாஸ்டருக்கு அவ்வப்போது படம் அனுப்புங்கள், அவர்களும் பிரிந்திருக்கிறார்கள். இருபதாம் நாள், சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்துச் செம்பி முதன்முறையாகக் குரைத்தாள். அதைப் பதிவு செய்து பெரம்பூர் அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "இவ குரல் இப்படியா இருக்கும்? ஏழு மாசம் வெச்சிருந்தேன் தம்பி, ஒருநாள்கூட கேட்டதில்ல."